வீட்டில் தோட்டா மறுநிரப்பல்: பல வருடப் புழக்கத்துக்குப் பின் கருவிகளைப் பற்றி

மறுநிரப்பல் என்றால், சுட்டு முடித்த தோட்டாவின் வெற்று உறையில் புதிய பிரைமர் (அடிபட்டதும் தீப்பொறி தரும் சிறு மூடி), பவுடர் (வெடிமருந்து), குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவது. அதைத் தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது “எந்த பிரஸ் வாங்கலாம்?” என்றுதான். பல வருடங்களாக வீட்டில் ரிவால்வருக்கும் ரைஃபிளுக்கும் தோட்டா நிரப்பி வருகிறேன். என்னைக் கேட்டால் அந்தக் கேள்விக்கு மூன்றாவது இடம்தான். முதலிடம் தராசுக்கு, அடுத்தது நீளத்தைத் துல்லியமாக அளக்கும் கேலிப்பருக்கு. பிரஸ் என்பது உறையை டை என்னும் அச்சுக்குள் தள்ளும் கனத்த இரும்பும் ஒரு கைப்பிடியும். அது கெட்டுப்போய் யாரும் தவித்து நான் பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் முன்னால், உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். சில இடங்களில் இது சாதாரணப் பொழுதுபோக்கு, சில இடங்களில் உரிமம் இல்லாமல் பிரைமரைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

சரி, பிரஸ்ஸுக்கு வருவோம். என் மேசையில் இருப்பது வார்ப்பிரும்பில் செய்த சிங்கிள் ஸ்டேஜ். ஒரு இழுப்புக்கு ஒரு வேலை: முதலில் எல்லா உறைகளுக்கும் பழைய பிரைமரைத் தள்ளி, சுட்டதில் விரிந்ததை அளவுக்குக் கொண்டுவருவது, பிறகு டையை மாற்றி அடுத்த வேலை. மெதுவாகத்தான் போகும். ஆனால் ஒவ்வொரு உறையும் ஒவ்வொரு கட்டத்திலும் கைக்கு வந்து கண்ணுக்கு முன்னால் நிற்கும், தொடக்கத்தில் அதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. புரோகிரசிவ் பிரஸ்ஸில் எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டால் ஒரு இழுப்புக்கு ஒரு முழுத் தோட்டா விழும். நல்ல இயந்திரம்தான். ஆனால் ஒரே நேரத்தில் நான்கைந்து இடங்களில் நான்கைந்து வேலை நடக்கும், எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அது சரிப்படும். டர்ரெட் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. டைகளைக் கழற்றாமல் திருப்பிக்கொள்ளலாம், கைத்துப்பாக்கித் தோட்டா மட்டும் போதும் என்பவர்களுக்கு வசதி.

நிறுவனப் பெயரை வைத்துக் குழம்ப வேண்டியதில்லை. டைகளின் மரை பெரும்பாலும் ஒரே அளவு: 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. லீ நிறுவனத்தின் டையை ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் பிரஸ்ஸில் தாராளமாகப் போடலாம். தொடக்கநிலை கிட் வாங்குகிறவர்கள் பெட்டியில் என்ன இல்லை என்று பாருங்கள். டை, உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர், கேலிப்பர், உறையின் நீளத்தை வெட்டும் டிரிம்மர் இவையெல்லாம் பெரும்பாலும் தனிச் செலவு. கிட்டின் விலையைப் பார்த்து பட்ஜெட் போட்டால் கையைக் கடிக்கும்.

எந்தத் தோட்டாவில் தொடங்குவது என்பதும் கருவித் தேர்வில் சேர்த்திதான். .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா மாதிரி நேரான உறை என்றால் கார்பைட் (மிகக் கடினமான பொருள்) டை வாங்கிக்கொள்ளலாம், மசகு பூசும் வேலையே இல்லை. .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டா மாதிரி கழுத்து ஒடுங்கிய உறைக்கு ஒவ்வொன்றுக்கும் மசகு பூசியாக வேண்டும். குறைந்தால் உறை டைக்குள் கடித்துக்கொண்டு நிற்கும். இழுத்தால் அடி விளிம்பு பிய்ந்து கையோடு வரும், உறை உள்ளேயே இருக்கும். அதை வெளியே எடுக்கத் தனியாக ஒரு கருவியே விற்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதே சமயம் .38 ஸ்பெஷலில் வேறொரு வம்பு. உறை பெரியது, இன்றைய பவுடர் போவதோ கொஞ்சம். இரண்டு முறை கொட்டினாலும் வழியாது, வெளியே தெரியாது. அதனால் 50 குழி உள்ள லோடிங் பிளாக்கில் உறைகளை நிறுத்தி, குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்ப்பேன். மட்டம் மாறி நிற்பது உடனே கண்ணில் படும். இந்தப் பழக்கத்துக்கு ஈடாக எந்தக் கருவியும் இல்லை.

தராசு. பவுடரை அளப்பது கிரெயினில், 7000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. நமக்கு வேண்டியது 0.1 கிரெயின் துல்லியம், அதாவது சுமார் 6.5 மில்லிகிராம். முதலில் கிட்டோடு வந்த மலிவான டிஜிட்டல் தராசைத்தான் வைத்திருந்தேன். ஃபேன் ஓடினால் எண் நகரும், செல்போனைப் பக்கத்தில் வைத்தால் நகரும், ஒன்றும் செய்யாவிட்டாலும் பூஜ்யத்திலிருந்து மெல்ல விலகும். அதற்குப் பதிலாக வாங்கிய பீம் தராசு பேட்டரி கேட்பதில்லை, சூடாகும்வரை காத்திருக்கச் சொல்வதில்லை. மெதுவானது, ஆனால் நம்பலாம். டிஜிட்டல்தான் வேண்டும் என்றால் நல்லதாக வாங்குங்கள், எதுவாக இருந்தாலும் சோதனை எடைக்கற்கள் ஒரு செட் கூடவே இருக்கட்டும். உட்கார்ந்தவுடன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை வைத்துப் பார்த்தால் மனசு நிம்மதி. எடை பார்க்காமல் கொள்ளளவில் அளந்து கொட்டும் பவுடர் மெஷர் வேகத்துக்கு நல்லது. ஆனால் உருண்டைப் பவுடர் அதில் சீராக விழும், நீளக் குச்சிப் பவுடர் வெட்டுப்பட்டு முன்னே பின்னே விழும். குச்சிப் பவுடரைக் கொஞ்சம் குறைவாகக் கொட்டி, மீதியை டிரிக்லரில் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறேன்.

நேரம் அதிகம் போவது உறைகளைத் தயார் செய்வதில். ரைஃபிள் உறை ஒவ்வொரு முறை சுடும்போதும், அளவுக்குக் கொண்டுவரும்போதும் நீளும். .308-க்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், அதைத் தாண்டினால் 2.005-க்கு வெட்டிவிட வேண்டும். கேலிப்பர் இல்லாமல் இது எதுவும் நடக்காது. அப்புறம், ஒரு காகித கிளிப்பை நிமிர்த்தி நுனியை மட்டும் வளைத்து வைத்திருக்கிறேன். உறைக்குள் விட்டு அடிப்பக்கச் சுவரில் மேல்நோக்கி இழுத்தால், உலோகம் மெலிந்து பள்ளம் விழுந்த இடத்தில் நுனி தடுக்கும். தடுக்கினால் அந்த உறை குப்பைக்கு. அடுத்த சுடுதலில் அந்த இடத்தில்தான் இரண்டாகப் பிரியும். என் மேசையிலேயே மலிவான கருவி இதுதான், மதிப்பு மட்டும் குறைவில்லை.

பிரைமர் வைக்கக் கைக்கருவி வாங்கியது நல்ல முடிவு. அடியில் போய் உட்காருவது விரலுக்கே தெரியும். தளர்வாக இருந்தாலும் தெரியும், அந்த உறையை ஒதுக்கிவிடலாம். சுட்ட உறைகளை உருட்டிச் சுத்தம் செய்யும் டம்ளர் விஷயத்தில் பலர் கவனிக்காதது தூசி. சுட்ட பிரைமரின் கசடில் ஈயம் உண்டு. உலர் டம்ளரை வீட்டுக்குள் திறந்து கொட்டினால் அது காற்றில் ஏறும். நான் ஈர டம்ளருக்கு மாறிவிட்டேன், எதுவானாலும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைப்பதில்லை.

புத்தகம் ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள், குண்டுத் தயாரிப்பாளரின் கையேடு ஒன்று, பவுடர் தயாரிப்பாளரின் கையேடு ஒன்று. யாரோ சொன்ன அளவை நிரப்பாதீர்கள். கையேட்டின் தொடக்க அளவிலிருந்து ஏறுங்கள், பட்டியலில் உள்ள பவுடருக்குப் பதில் வேறொன்றைப் போடாதீர்கள். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பா, பிரைமர் அதன் சொந்தப் பெட்டியிலேயே. பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் கண்ணில்.

காசு மிச்சமா? ஒரு தோட்டாவுக்குப் பார்த்தால் மிச்சம்தான், ஆனால் முன்பைவிட அதிகம் சுடுகிறேன், அதனால் அந்தக் கணக்கைப் போடுவதை விட்டுவிட்டேன். சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லட் புல்லர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள், சந்தேகமாக இருக்கும் தோட்டாவைப் பிரிக்க அது கைகொடுக்கும். ரிம்ஃபயர் தோட்டாவை (தனி பிரைமர் இல்லாமல் அடி விளிம்புக்குள்ளேயே தீப்பற்றும் மருந்து உள்ளது) மட்டும் அதில் போடவே கூடாது, அடிக்கிற அடியில் வெடிக்கலாம். 9 மி.மீ. அதிகம் சுடத் தொடங்கினால் ஒரு புரோகிரசிவ் வாங்கும் யோசனை இருக்கிறது. வாங்கினாலும் இந்தப் பழைய பிரஸ்ஸை விற்க மாட்டேன், ரைஃபிளுக்கு இதுவே போதும்.