வெள்ளிக்கிழமை மாத்திரை

ஆகஸ்ட் விடுமுறையில் மூன்று வாரம் மதுரையில் இருந்தோம். மகளுக்கு ஏழு வயது. மூட்டுவாதத்தோடு சேர்ந்து வரும் யுவைடிஸ் என்ற கண் அழற்சி அவளுக்கு மூன்று வருடமாக இருக்கிறது. அழற்சியை அடக்க வெள்ளிக்கிழமை மட்டும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் ஊசி. நாங்கள் வசிக்கும் பர்மிங்காமில் இதெல்லாம் பழகிவிட்டது. ஊரில் என்ன ஆகுமோ என்ற பயத்தோடுதான் கிளம்பினோம்.

ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தும் போகக் கூடாது. ஐஸ் பேக் வைத்த பையைக் கையிலேயே வைத்துக்கொண்டோம். அம்மா வீட்டு ஃப்ரிட்ஜில் மல்லிகைப்பூப் பொட்டலத்தையும் மோர்ச் சொம்பையும் நகர்த்தி, நடுத்தட்டில் இடம் பண்ணினோம். கரண்ட் போனால் கதவைத் திறக்க வேண்டாம் என்று அப்பா தாளில் எழுதி ஒட்டிவிட்டார்.

இந்த ஊசியை நான் நம்புவதற்குக் காரணம் உண்டு. பிரிஸ்டல் டாக்டர் ராமனனும் சகாக்களும் பிரிட்டனில் இதே நோய் உள்ள 90 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. எல்லோரும் மெத்தோட்ரெக்சேட் எடுத்தவர்கள். கூடவே இந்த ஊசியும் போட்டவர்களில் 27 சதவீதம் பேருக்குத்தான் சிகிச்சை பலிக்கவில்லை. மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் அது 60 சதவீதம்.

மூன்று மாதப் பரிசோதனையும் அந்த நாட்களில் வந்ததால் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனோம். இந்த நோயில் பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது, பிள்ளையும் ஒன்றும் சொல்லாது. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தால்தான் உள்ளே மிதக்கும் அழற்சி செல்கள் தெரியும். தாடையை வைக்கும் இடம் மகளுக்கு எட்டவில்லை. புடவை கட்டிய சிஸ்டர் ஒருவர், "முட்டி போட்டு உக்காருடா கண்ணு" என்று நாற்காலியில் ஏற்றி, பின்னாலிருந்து தலையைத் தாங்கிக்கொண்டார். செல் இல்லை, ஸ்டீராய்டு சொட்டு மருந்து வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சொட்டு மருந்து நீண்டால் கண்புரையும் கண் அழுத்தமும் வரலாம். அதுதான் எங்கள் பெரிய கவலை.

அப்புறம் நடந்ததை எல்லாப் பெற்றோருக்கும் சொல்லியாக வேண்டும். கொண்டுவந்த மாத்திரை போதாமல், சீட்டைக் காட்டி ஒரு மருந்துக்கடையில் வாங்கினேன். சீட்டில் 'வாரம் ஒருமுறை' என்று தெளிவாக இருந்தது. வீட்டில் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவரைப் பார்த்தார். "தினம் காலையில ஒரு வேளைன்னுல்ல போட்டிருக்கு?" கவரில் 1-0-0. மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் கொடுத்தால் வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்து. நான் வெளியே போயிருந்தால் மாத்திரை கொடுப்பது அம்மாதான்.

உடனே கடைக்குத் திரும்பிப் போனேன். கடைக்காரர் முகம் வெளுத்துப்போனது. கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுக் கவரில் பெரிய எழுத்தில் 'வெள்ளி மட்டும்' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். அந்தக் கவரிலேயே வைத்துத்தான் மாத்திரையைத் திரும்ப எடுத்து வந்தோம்.