“ஸ்டெப்னி இருக்கு சார்” என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்: ஆளில்லாத கடலோரச் சாலைக்கு வாடகை வண்டி எடுப்பவர்களுக்கு

ஆளரவமற்ற கடலோரச் சாலையில் தனியாக வண்டி ஓட்டிப் போகத் திட்டமிடுகிறவர்கள், சாவியைக் கையில் வாங்குவதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள். வாங்கிய பிறகு படித்தால் பாதிப் பயன்தான்.

நடந்தது சுருக்கமாக: நான்கு சக்கர இயக்கமுள்ள ஓர் எஸ்.யூ.வி., 5 நாள் வாடகை. “ஸ்டெப்னி இருக்கு, ஜாக்கி இருக்கு, முழு இன்சூரன்ஸ் இருக்கு” என்று கவுண்டரில் சொன்னார்கள். நகரத்திலிருந்து ஏறக்குறைய 140 கி.மீ. தள்ளி, ஜல்லிச் சாலையில் பின் டயரின் பக்கச்சுவர் கிழிந்தது. ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கும் கம்பிவடம் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. சக்கரத்தில் இருந்த பூட்டு நட்டைத் திறக்கும் சாவியும் வண்டியில் இல்லை. வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது வந்த பில்லில் இரண்டு டயர், இழுவை வண்டிச் செலவு, வண்டி ஓடாத 3 நாளுக்கான வாடகை, அடிப்பாகச் சேதம் என்று நான்கு வரிகள். அந்த “முழு இன்சூரன்ஸ்” இவற்றில் ஒன்றையும் தொடவில்லை.

இந்த நான்கில் மூன்றை வண்டி வாங்கும் இடத்திலேயே 20 நிமிடத்தில் தவிர்த்திருக்கலாம். எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

ஸ்டெப்னியிலிருந்து தொடங்குவோம். “ஸ்டெப்னி இருக்கிறது” என்ற சொல்லுக்கு வாடகைக் கடையில் பல அர்த்தம் உண்டு. மற்ற நான்கு சக்கரங்களின் அதே அளவில் முழு டயர் இருக்கலாம். ஒல்லியான தற்காலிக டயர் இருக்கலாம். இதற்கு வேக வரம்பு மணிக்கு 80 கி.மீ., காற்றழுத்தம் பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ., ஜல்லிச் சாலைக்கு அது ஆகாது. டயரே இல்லாமல் ஓர் அடைப்புத் திரவப் புட்டியும் சின்ன பம்பும் மட்டும் இருக்கலாம். இந்தத் திரவம் டயரின் தரைபடும் பகுதியில் ஏறக்குறைய 6 மி.மீ. வரையிலான ஓட்டையைத்தான் அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் புட்டி முழுவதையும் ஊற்றினாலும் வெளியேதான் வழியும். கூர்ங்கல் கிடக்கும் சாலையில் கிழிவது பெரும்பாலும் பக்கச்சுவர். ஆகவே தார்ச்சாலையை விட்டு விலகும் பயணத்துக்கு முழு அளவு ஸ்டெப்னி இல்லாத வண்டியை வாங்கவே வேண்டாம். வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியைப் பார்ப்பது எளிது: தரைவிரிப்பைத் தூக்குங்கள், அழுத்தமானியை வைத்து அளந்து பாருங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். வருடக்கணக்கில் யாரும் தொடாத ஸ்டெப்னியில் காற்று பாதிகூட இல்லாமல் போயிருக்கலாம்.

வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னிதான் ஆபத்து. பின் பம்பருக்கு மேலே, அல்லது டிக்கித் தரையில், ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் நீளமான கம்பியைச் செருகிச் சுற்றினால் வடம் அவிழ்ந்து டயர் இறங்கும். உப்புக்காற்றும் சேறும் அந்தச் சுழல் பொறியில்தான் முதலில் ஏறும். கடலோர ஊர்களில் வாடகைக்கு ஓடும் வண்டிகளில் அது இறுகிக் கிடப்பது சர்வசாதாரணம். வெளியே நின்று பார்த்தால் டயர் அழகாகத் தொங்கும், இறக்கினால்தான் தெரியும். ஒரு சாண் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள், பிறகு ஏற்றச் சொல்லுங்கள். “நேரமில்லை” என்றால் வேறு வண்டி கேளுங்கள். இறங்காத ஸ்டெப்னி இல்லாத ஸ்டெப்னிதான். செருகும் கம்பியின் எல்லாத் துண்டுகளும் பையில் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் துளைக்குள் எட்டாது.

டயரின் வயது பக்கச்சுவரிலேயே எழுதியிருக்கும். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி 4 இலக்கங்களைப் பாருங்கள். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். ஓடுகிற நான்கும் புதிதாக இருந்து ஸ்டெப்னி மட்டும் பத்து வயதாக இருப்பது அடிக்கடி நடக்கும். ரப்பர் ஓடாமலே மூப்படையும்; பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அது 140 கி.மீ. தாங்காது. ஓடுகிற டயர்களின் பள்ளத்தையும் பாருங்கள். பல நாடுகளில் சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மி.மீ.; பள்ளத்துக்கு நடுவே இருக்கும் மேட்டுப்பட்டையின் உயரமும் அதுவே. பட்டைக்கு நெருங்கிய டயரோடு ஈர மண்ணுக்கும் ஜல்லிக்கும் போகக் கூடாது.

அடுத்து பூட்டு நட்டு. திருட்டைத் தடுக்க, பல வண்டிகளில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டு மட்டும் வேறு வடிவத் தலையோடு இருக்கும். அதன் மேல் பொருந்தும் கட்டைவிரல் அளவு சாவி இல்லாமல் எந்த ஸ்பேனராலும் கழற்ற முடியாது. டயர் மாற்றிய பட்டறையில் அது விடுபட்டுப் போவதுதான் வழக்கமான காரணம். டேஷ்போர்டு அறையிலும் கருவிப் பையிலும் தேடி எடுத்து, நட்டின் மேல் பொருத்திப் பாருங்கள். கூடவே, வண்டியோடு தரும் ஸ்பேனரால் ஒரு நட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். பட்டறைகளில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கிய நட்டு, குட்டையான ஸ்பேனருக்கு அசையவே அசையாது. கூட ஆள் இருந்தால் இருவர் எடையைப் போடலாம். தனியாக இருப்பவருக்கு அந்த வழியும் இல்லை.

ஜாக்கிக்கு அடியில் வைக்க, ஓரடிச் சதுரத்தில் 2 செ.மீ. தடிமனுள்ள ஒரு பலகையை எடுத்துப் போங்கள். மணலில் ஜாக்கி வண்டியைத் தூக்காது, தானே கீழே இறங்கும். சமதளம், ஹேண்ட்பிரேக், எதிர் மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல், தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துவது, பிறகு தூக்குவது. இந்த வரிசை மாறக் கூடாது. மாட்டியபின் 50 கி.மீ. கழித்து ஒருமுறை நிறுத்தி நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

இப்போது இன்சூரன்ஸ். “முழு” என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்தில் இடமே இல்லை. அங்கே இருப்பது இரண்டு: எக்சஸ், அதாவது சேதம் எதுவானாலும் முதலில் உங்கள் பையிலிருந்து போகும் தொகை, அப்புறம் விலக்குப் பட்டியல். டயர், ரிம், கண்ணாடி, கூரை, அடிப்பாகம், சாவி தொலைவது, தண்ணீர், தவறான எரிபொருள் ஆகியவை பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்தப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். கடலோரப் பயணத்தில் அடிபடுவதும் இவையேதான். எக்சஸைப் பூஜ்யமாக்குகிறோம் என்று கூடுதல் பணம் வாங்கினாலும் விலக்குப் பட்டியல் அப்படியே இருக்கலாம். “எக்சஸ் பூஜ்யமானால் டயரும் அடிப்பாகமும் உள்ளே வருமா? எந்தப் பத்தியில் இருக்கிறது?” என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாததற்குக் காப்பீடு இல்லை.

சாலை பற்றிய பத்தியையும் தவறாமல் தேடுங்கள். சில ஒப்பந்தங்கள் தார் போட்ட சாலையை மட்டும் அனுமதிக்கும். சில, ஜல்லிச் சாலையை அனுமதித்தாலும் வேக வரம்பு வைத்து, வண்டியில் ஒளித்த கருவியால் கண்காணிக்கும். ஐஸ்லாந்தில் மணல், சாம்பல் புயலுக்குத் தனிக் காப்பீடு விற்கிறார்கள். அங்கே எஃப் என்று தொடங்கும் எண்ணுள்ள மலைச் சாலைகளில் இரு சக்கர இயக்க வண்டி போகக் கூடாது, ஆற்றைக் கடக்கும்போது ஏற்படும் தண்ணீர்ச் சேதத்தை வாடகைக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை. நமீபியாவின் கடலோரத்தில் உப்பைக் கெட்டித்துப் போட்ட சாலைகள் உண்டு. வெயிலில் தார்போல இருக்கும், கடல்மூடுபனியில் நனைந்தால் சோப்புபோல வழுக்கும். ஆக, நீங்கள் போகும் பாதையின் பெயரை ஒப்பந்தத் தாளிலேயே எழுதி, “அனுமதி உண்டு” என்று கையெழுத்து வாங்குங்கள். கவுண்டரில் பேசியது கவுண்டரோடு போயிற்று.

கதவு பற்றி ஒரு வரி: கடற்காற்றுக்கு முதுகைக் காட்டி நிறுத்தினால், கதவைத் திறந்த கணத்தில் காற்று அதைப் பிடுங்கி முன்பக்கத் தகட்டில் மடித்துவிடும். அதற்கும் பல இடங்களில் காப்பீடு கிடையாது. முகப்பைக் காற்றுக்கு எதிராக வைத்து நிறுத்துங்கள்.

படம் எடுப்பது பற்றி எல்லோரும் சொல்வார்கள், ஆனால் நான்கு பக்கமும் நாலு படம் போதாது. வெட்டில்லாத ஒரே வீடியோ வேண்டும். நம்பர் பலகையில் தொடங்கி, ஓடிய கிலோமீட்டர், எரிபொருள் முள், கூரை, முன்கண்ணாடி, ஒவ்வொரு ரிம்மும் அருகிலிருந்து, பிறகு போனைத் தரையோடு ஒட்டி அடிப்பாகம், கடைசியில் ஸ்டெப்னியும் கருவிகளும். அடிப்பாகத்தை விட்டவர்கள்தான் அடிப்பாகச் சேதத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். கழுவிய ஈரத்தோடு வண்டியைத் தந்தால் துடைக்கச் சொல்லுங்கள். ஈரத்தில் கீறல் மறையும். இருட்டில் வாங்க வேண்டிவந்தால் டார்ச்சைத் தகட்டோடு சாய்த்துப் பிடித்தால் பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். வீடியோவை அன்றைக்கே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். கூட வந்தவர் சாட்சி சொல்ல இல்லாத பயணத்தில் அந்த மின்னஞ்சல் தேதிதான் சாட்சி.

திருப்பித் தரும்போதும் இதே வீடியோ. அலுவலகம் மூடியபின் பெட்டியில் சாவியைப் போட்டுவிட்டுப் போகும் ஏற்பாட்டைத் தவிருங்கள். பல ஒப்பந்தங்களில், மறுநாள் அவர்கள் பார்க்கும் வரை வண்டி உங்கள் பொறுப்பு.

பாஸ்போர்ட் அசலைப் பணயமாகக் கேட்கும் கடையில் வண்டி எடுக்காதீர்கள். பில் தகராறு வந்தால் அதுவே உங்கள் கழுத்துக் கயிறு. முன்பணமாக கார்டில் தொகையை நிறுத்திவைப்பதும், தொகையை எடுத்துக்கொள்வதும் வேறு வேறு. எது நடக்கிறது என்று ரசீதில் பாருங்கள். “உங்கள் நாட்டுப் பணத்தில் எடுக்கலாமா?” என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் வங்கி விகிதத்தைவிட மோசம்.

வழியில் நடக்கும் ஏமாற்றுகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று பெட்ரோல் பங்க். மீட்டர் பூஜ்யத்தில் இருப்பதைப் பார்த்தபின்தான் குழாயைத் தொட விடுங்கள். உங்கள் டாங்கின் கொள்ளளவு தெரிந்திருக்கட்டும். 50 லிட்டர் டாங்கில் முள் கால்வாசி காட்டும்போது 38 லிட்டருக்குப் பக்கத்தில்தான் பிடிக்கும். பில்லில் 46 என்றிருந்தால் கேள்வி கேளுங்கள். பாதி டாங்க் ஆனதுமே நிரப்புவது நல்லது, அடுத்த பங்க் மூடியிருக்கலாம். டீசல் வண்டியில் பெட்ரோல் ஊற்றிவிட்டால் எஞ்சினைத் தொடவே வேண்டாம். இயக்காதவரை டாங்கை வடித்தால் பெரும்பாலும் போதும். இயக்கினால் செலவில் எரிபொருள் பம்பும் இன்ஜெக்டரும் சேரும்.

இன்னொன்று கடற்கரை மணலில் சிக்கியவரிடம் நடக்கும் பேரம். கடல் ஏறிவரும், இழுக்க வரும் ஆள் கயிற்றைக் கட்டியபின்தான் தொகையைச் சொல்வார். மணலில் இறங்குவதற்கே ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்பது முதல் கேள்வி. அனுமதித்தால், கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையைப் பார்த்து, இறங்குமுகத்தில் போய், ஏறத் தொடங்குமுன் வெளியே வந்துவிடுங்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். தண்ணீர் ஒரே சீராக ஏறாது: ஏறும் 6 மணி நேரத்தில் மூன்றாம், நான்காம் மணிகளில் மட்டும் மொத்த உயரத்தில் பாதி ஏறிவிடும். முதல் மணியில் மெதுவாக வருகிறதே என்று நின்றவர்கள்தான் மாட்டுகிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் இன்னும் உயரம்.

சிக்கிவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், சக்கரம் குழி தோண்டும். டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி, சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் மணலை அள்ளி அகற்றிவிட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் வாருங்கள். பெரும்பாலும் இதுவே போதும், யாரும் இழுக்க வேண்டியதில்லை. கெட்டித் தரைக்கு வந்ததும் காற்றைத் திரும்ப நிரப்ப ஒரு பம்ப் வண்டியில் இருக்க வேண்டும். இழுக்கத்தான் வேண்டுமென்றால் கயிறு கட்டுமுன் தொகையைப் பேசுங்கள், எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்பதையும் பேசுங்கள். இழுப்பதற்கென உள்ள கொக்கியில் மட்டும் கட்டட்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கட்டி இழுத்தால் அது முறிந்து குண்டுபோலப் பறக்கும், ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

பில் வந்துவிட்டவர்களுக்கு. “இரண்டு டயர்” என்பது எப்போதும் ஏமாற்று அல்ல. எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில் ஒரு டயர் மட்டும் புதிதாக இருந்தால் விட்டம் வேறுபட்டு, சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பங்கிடும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் பாதிக்கப்படலாம். இரு சக்கர இயக்க வண்டிக்கு அந்த வாதத்தில் அவ்வளவு வலு இல்லை. அதனால் எந்த வகை வண்டி, பழைய டயரின் பள்ளம் எத்தனை மி.மீ. என்று எழுத்தில் கேளுங்கள். தேய்ந்த டயருக்குப் புது விலை கேட்டால் மறுத்து எழுதுங்கள். வண்டி ஓடாத நாட்களுக்கு வாடகை கேட்டால், அந்த நாட்களில் வண்டி பட்டறையில் இருந்ததற்கான ரசீதைக் கேளுங்கள். பழுதுபார்த்த பில்லையும், மதிப்பீட்டை மட்டும் அல்ல, கேளுங்கள். ஸ்டெப்னி இறங்காததும் பூட்டு நட்டின் சாவி இல்லாததும் நிறுவனத்தின் பராமரிப்புக் குறை. இழுவைச் செலவை மறுப்பதற்கு அதுவே அடிப்படை. அதற்காகவே, சிக்கிய இடத்திலேயே இறுகிய வடத்தையும் காலியான கருவிப் பையையும் வீடியோ எடுத்துவிடுங்கள்.

பதில் வராவிட்டால் கார்டு கொடுத்த வங்கியில் மறுப்பு மனு போடலாம். அதற்குக் காலவரம்பு உண்டு, பெரும்பாலும் 120 நாளுக்குள். ஆகவே நிறுவனத்தோடு மாதக்கணக்கில் பேசிக்கொண்டிராமல் இரண்டு வாரத்துக்குள் வங்கிக்கு எழுதுங்கள். வாடகைக்குக் கொடுத்த கார்டை அதுவரை ரத்து செய்ய வேண்டாம். பெட்ரோல் ரசீது, ஒப்பந்தம், இரண்டு வீடியோக்கள் ஆகியவற்றை ஒரு வருடம் வைத்திருங்கள். வேக மீறல் அபராதம், சுங்கக் கட்டணம் என்று நிறுவனம் பல மாதம் கழித்தும் கார்டிலிருந்து எடுக்கும், அப்போது தேதியும் நேரமும் காட்ட அவை வேண்டும்.