டிவியில் கேம் ஆடலாம் என்று நம்பி 13,500 ரூபாயைத் தொலைத்தேன், நீங்களும் மாட்டிக்கொள்ளாதீர்கள்

இன்று சாயங்காலம் கடையிலிருந்து நேராக வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். கை இன்னும் நடுங்குகிறது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் உதிரி பாகங்கள் விற்கும் ஒரு கடை. பெயர் வேண்டாம்.

மகனின் கேமிங் கம்ப்யூட்டர் மாடி அறையில், பெரிய டிவி கீழே ஹாலில். பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு, அதே கேமை டிவியில் ஆட வழி பண்ணித் தருவதாக அவனிடம் சொல்லியிருந்தேன். கேம் ஓடுவது மாடிக் கம்ப்யூட்டரில்தான், படம் மட்டும் வீட்டு வைஃபை வழியாகக் கீழே டிவிக்கு வரும். போன சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். ஒரு டிவி பாக்ஸ், நாலு ஆன்டெனா வைத்த ‘கேமிங் ரவுட்டர்’, ஒரு கன்ட்ரோலர், எல்லாம் சேர்த்து 13,500 ரூபாய் என்றார் கடைக்காரர். நான் தயங்கினேன். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, கடை டிவியில் கார் ரேஸ் ஒன்றை ஓட விட்டார். வெண்ணெய் மாதிரி ஓடியது. “என்ற பையனுக்கும் இதேதானுங்க போட்டிருக்கேன். தைரியமா வாங்கிட்டுப் போங்க” என்றார். தன் பிள்ளையைச் சொல்லிப் பேசுகிற மனிதர் பொய் சொல்வாரா என்று நினைத்தேன். பணத்தை எடுத்தது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். கடை டிவிக்குப் பின்னால் ஒரு நீல நிற லேன் கேபிள் (வைஃபை இல்லாமல் நேரடியாக நெட்வொர்க்கில் இணைக்கும் வயர்) தொங்கியது. அதைப் பார்த்தேன், ஆனால் என்னவென்று யோசிக்கவில்லை.

வீட்டில் மாட்டினோம். ஃபுட்பால் கேம். “அப்பா, நான் பட்டனை அமுக்கி முடிச்சப்புறம்தான் அவன் ஓடவே ஆரம்பிக்கிறான்” என்றான் மகன். படம் பத்து நொடிக்கு ஒருமுறை கட்டம் கட்டமாக உடைந்தது. மனைவி மைக்ரோவேவில் பால் சுட வைத்தபோது திரை அப்படியே உறைந்துவிட்டது. அரை மணி நேரத்தில் அவன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

கடைக்கு போன் போட்டேன். “உங்க நெட் ஸ்லோ சார், ஃபைபர்காரங்களைக் கேளுங்க.” மறுநாள், “மாடிச் சுவர் தடுக்குதுங்க.” அதற்கடுத்த நாள், “அப்டேட் வரும், சரியாயிடும்.” அப்புறம் போனையே எடுக்கவில்லை.

நேற்று அக்கா மகன் வந்து பார்த்தான். நெட்வொர்க் வேலையில் இருப்பவன். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபைபர் வயரைப் பிடுங்கினான். கேம் நிற்கவில்லை! “பாத்தீங்களா மாமா, இது வீட்டுக்குள்ளயே போய் வர்றது, நெட் வேகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்றான். அப்புறம் ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தான். அடியில் பொடி எழுத்தில் ‘2.4 ஜிகாஹெர்ட்ஸ், 300 எம்பிபிஎஸ்’. வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகள் இவை: நெரிசலான 2.4, வேகமான 5. நாலு ஆன்டெனா இருந்தும் 5 ஜிகாஹெர்ட்ஸ் கிடையாது. அக்கம்பக்கத்து வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் எல்லாம் முட்டிக்கொள்கிற அந்த 2.4-இல்தான் எங்கள் கேமும் வந்துகொண்டிருந்திருக்கிறது. அட்டைப்பெட்டியில் ‘5ஜி வைஃபை’ (அதாவது 5 ஜிகாஹெர்ட்ஸ்) என்று போட்டிருந்த டிவி பாக்ஸும் செட்டிங்ஸில் 2.4-ஐ மட்டும்தான் காட்டியது. போதாததற்கு, ஒரு ஃப்ரேமை, அதாவது வீடியோவின் ஒரு படத்தை, பிரித்துக் காட்ட அதற்கு 45 மில்லி செகண்ட் பிடிக்கிறது. நொடிக்கு 60 ஃப்ரேம் வர வேண்டுமானால் ஒன்றுக்குக் கிடைப்பதே 16 மில்லி செகண்ட் சொச்சம்தான்.

வயிறு எரிவது இதற்குத்தான்: எங்கள் டிவியே ஆண்ட்ராய்டு டிவி. கம்ப்யூட்டரில் ஓடும் கேமை டிவியில் காட்டும் ஸ்டீம் லிங்க் ஆப் அதிலேயே இலவசமாக இறங்குகிறது. முன்பு அதைத் தனிப் பெட்டியாக விற்றார்கள், 2018-லேயே நிறுத்திவிட்டார்கள். ஃபைபர் கம்பெனி கொடுத்த பழைய ரவுட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் ஏற்கெனவே இருந்தது. அக்கா மகன் மாடியிலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்து கம்ப்யூட்டரை அந்த ரவுட்டரில் சொருகினான், டிவியை 5-இல் போட்டான், டிவியில் படம் தாமதமாவதைக் குறைக்கும் கேம் மோடை ஆன் செய்தான். ஓடுகிறது. 13,500 ரூபாய்ப் பொருளில் கன்ட்ரோலரைத் தவிர எதுவுமே தேவைப்படவில்லை.

இன்று எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியோடு கொண்டுபோனேன். “பிரிச்ச பொருளை எடுக்க மாட்டோமுங்க” என்றார். பில்லைக் காட்டினேன். அதில் ‘டிவி ஐட்டம் – 1 செட்’ என்று மட்டும் இருக்கிறது. மாடல் பெயர் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி நம்பரும் இல்லை. மகனுக்குப் போட்டது இதேதானா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அடுத்த கஸ்டமர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. இதை மட்டுமாவது செய்யுங்கள். ரவுட்டரின் அடி ஸ்டிக்கரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், ஆன்டெனாவை எண்ணாதீர்கள். டெமோ காட்டினால் டிவிக்குப் பின்னால் கேபிள் இருக்கிறதா பாருங்கள் (கேபிளில் ஓட்டினால் வைஃபையின் கோளாறு தெரியாது), கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். எதையும் வாங்குவதற்கு முன் இலவச ஆப்பை உங்கள் டிவியிலேயே போட்டுப் பாருங்கள். பில்லில் மாடல் பெயர் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

காலையில் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடப் போகிறேன். என் 13,500 ரூபாயை நான் விடுவதாக இல்லை.