ஃபெனிக்ஸ்: நாம் எழுதுவது சமன்பாடு, அது எழுதுவது சி நிரல்

ஃபைனைட் எலிமென்ட் (பரப்பைச் சிறு செல்களாகப் பிரித்து வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறை) நிரலைக் கையால் எழுதியவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு செல்லின் கணக்கையும் ஒரே மேட்ரிக்ஸில் சேர்க்கும் அசெம்ப்ளி லூப்பில் ஒரு இன்டெக்ஸ் பிசகினால் அதைத் தேடியே வாரம் ஓடிவிடும். அந்த லூப்பையே நம் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறது ஃபெனிக்ஸ். 2003இல் சிகாகோ பல்கலைக்கழகமும் ஸ்வீடனின் சால்மர்ஸும் சேர்ந்து தொடங்கிய இலவச மென்பொருள். இப்போது நிறுவ வேண்டியது இதன் புதிய வடிவமான டால்ஃபின்எக்ஸ். விண்டோஸ்காரர்கள் டபிள்யூஎஸ்எல்லுக்குள் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) கோண்டா என்ற நிறுவல் கருவி வழியாகப் போட்டால் தொல்லை குறைவு.

வெப்பப் பரவல் போன்றவற்றில் வரும் பாய்ஸான் சமன்பாடு என்றால், பைத்தானில் 'இன்னர்(கிராட்(யு), கிராட்(வி)) * டிஎக்ஸ்' என்று வீக் ஃபார்மை, அதாவது சமன்பாட்டின் தொகையீட்டு வடிவத்தை எழுதுகிறோம். அந்த ஒரு வரியிலிருந்து ஒரு செல்லுக்கான சி நிரலை உருவாக்கி, கம்பைல் செய்து, கேஷில் வைத்துக்கொள்கிறது. முதல் ஓட்டம் சில நொடி தயங்குவது இதனால்தான். டைம் ஸ்டெப்பை வெறும் எண்ணாக ஃபார்முக்குள் எழுதினால், எண் மாறும்போதெல்லாம் மறுபடி கம்பைல் ஆகும். 'கான்ஸ்டன்ட்' ஆக வைத்து மதிப்பை மட்டும் மாற்றுங்கள்.

நான்லீனியர் கணக்கில்தான் இதன் அருமை தெரியும். 'டெரிவேட்டிவ்(எஃப், யு)' என்றதும் ஜேகோபியன் (நியூட்டன் முறைக்குத் தேவையான வகைக்கெழு மேட்ரிக்ஸ்) வந்து நிற்கிறது. படிப்படியாக விடையை நெருங்கும் நியூட்டன் முறை ஒருங்காததற்கு ஜேகோபியனைக் கையால் வகையிட்ட பிழை காரணமோ என்ற சந்தேகமே எழாது. கோஎஃபிஷன்ட் சிக்கலாக இருந்தால் மட்டும், தானாக மதிப்பிடும் குவாட்ரேச்சர் டிகிரி (எண்வழித் தொகையீட்டின் துல்லிய அளவு) எகிறி அசெம்ப்ளி ஊர்ந்து போகும். டிகிரியை நாமே 4 போலக் கட்டிவைத்து, கூட்டினால் விடை மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. அசெம்ப்ளியை நாமே அழைக்கும்போது எல்லை மதிப்புகளின் பங்கை வலப்பக்கத்தில் கழிக்கும் 'அப்ளை_லிஃப்டிங்' முடிந்ததும், ப்ராசஸ்களுக்கிடையே பகிர்ந்த மதிப்புகளைக் கூட்டும் 'கோஸ்ட்அப்டேட்', அதற்குப் பிறகே எல்லை நிபந்தனை. நடுவில் உள்ளதை மறந்தால் ஒரே ப்ராசஸில் விடை சரியாக வரும். கணக்கைப் பல ப்ராசஸ்களுக்குப் பிரிக்கும் எம்பிஐயில் 4 ப்ராசஸ் கொடுத்தால் தவறாக வரும், எச்சரிக்கை எதுவும் இராது. ஸ்டோக்ஸ் ஓட்டத்தில் (மெதுவான, பாகுத்தன்மை மிக்க ஓட்டம்) வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் பி1 (செல்லுக்குள் முதற்படிப் பல்லுறுப்புக்கோவை) கொடுத்தாலும் தடுக்காது. அழுத்தம் சதுரங்கப் பலகைபோல் அலையும். வேகத்துக்கு பி2, அழுத்தத்துக்கு பி1 கொடுங்கள். முப்பரிமாணப் பாய்ஸானில் மேட்ரிக்ஸை நேரடியாகத் தீர்க்கும் எல்யூ முறை நினைவகத்தைத் தின்றுவிடும். படிப்படியாகத் தீர்க்கும் சிஜி முறையோடு, அதை வேகப்படுத்த ஹைப்ர் நூலகத்தின் பூமர்ஏஎம்ஜி போடுங்கள்.

ஃபெனிக்ஸின் 2019.1.0 பதிப்புக் காலத்துப் பழைய பாடங்களின் நிரல் டால்ஃபின்எக்ஸில் ஓடாது. பதிப்புக்குப் பதிப்பு ஃபங்ஷன் பெயர்களும் மாறியிருக்கின்றன. நிறுவிய அன்றே பதிப்பு எண்ணை என்விரான்மென்ட் கோப்பில் பூட்டிவிடுங்கள்.