லிப்ஏசிஎல்: ஒதுக்கீட்டில் தெளிவு, விடுவிப்பில் பொறி

லினக்ஸில் உரிமையாளர், குழு, பிறர் என்ற மூன்று நிலை அனுமதிகள் போதாத இடங்களில், சி நிரலிலிருந்து கோப்பின் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியலை (யார் யாருக்கு என்னென்ன அனுமதி என்ற பதிவுகளின் தொகுப்பை) கையாள உதவுவது லிப்ஏசிஎல் நூலகம். தரமாக ஏற்கப்படாமலே கைவிடப்பட்ட, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் 1003.1இ வரைவின் 17ஆம் பதிப்பைத் தழுவி எழுதப்பட்டிருந்தும், இதன் இடைமுகம் முதிர்ச்சியானது என்றே சொல்ல வேண்டும்.

பட்டியலுக்கான நினைவகத்தை ஏசிஎல்_இனிட் என்ற சார்பு ஒதுக்குகிறது. குறிப்பிட்ட ஒரு பயனருக்குத் தனி அனுமதி தர வேண்டுமானால் உரிமையாளர், அப்பயனர், குழு, மாஸ்க் (தனி அனுமதிகளுக்கான வரம்பு), பிறர் என ஐந்து பதிவுகள் தேவைப்படும். எனவே அச்சார்புக்கு 5 என்று கொடுக்கலாம். அந்த எண் குறைந்தபட்ச உத்தரவாதம் மட்டுமே, உச்சவரம்பு அன்று. புதிய பதிவைச் சேர்க்கும் ஏசிஎல்_கிரியேட்_என்ட்ரி, பட்டியல் மாறியை அல்லாமல் அதன் முகவரியைக் கேட்பதற்கும் காரணம் உண்டு: இருக்கும் இடத்தில் பட்டியல் வளர முடியாவிட்டால் அது வேறிடத்துக்கு மாற்றப்பட்டு, பழைய இடம் விடுவிக்கப்படலாம் என்கிறது கையேடு. ஆகவே பழைய மதிப்பை வேறொரு மாறியில் நகலெடுத்து வைத்திருப்பவர் செல்லாத முகவரியைத்தான் கையில் வைத்திருப்பார்.

குறை விடுவிப்பில் இருக்கிறது. பட்டியல், ஏசிஎல்_டு_டெக்ஸ்ட் தரும் உரை, ஏசிஎல்_கெட்_குவாலிஃபையர் தரும் பயனர் எண் ஆகிய மூன்றையும் ஏசிஎல்_ஃப்ரீ மூலமே விடுவிக்க வேண்டும். பதிவுகளும் அனுமதித் தொகுப்புகளும் பட்டியலுக்குள்ளேயே இருப்பதால் அவற்றைத் தனியே விடுவிக்கக் கூடாது. விதி எளியதுதான். ஆனால் அந்தச் சார்பு எந்த வகைத் தரவையும் சுட்டக்கூடிய வாய்டு சுட்டியை ஏற்பதால், தவறாக எதைக் கொடுத்தாலும் கம்பைலர் முணுமுணுப்பதில்லை. உரைக்கு முன்னால் நூலகம் தன் தலைப்பகுதியை வைத்திருப்பதால், சி மொழியின் வழக்கமான ஃப்ரீ சார்பிடம் அந்த உரையை ஒப்படைத்தால் நிரல் அங்கேயே முறிந்துவிடும். அது ஒரு வகையில் நல்லது, பிழை உடனே தெரிந்துவிடுகிறதே! நான்கு பைட் பயனர் எண்ணுக்காக ஒவ்வொரு முறையும் ஹீப்பில் (நிரல் ஓடும்போது கேட்டுப் பெறும் நினைவகப் பகுதியில்) இடம் பிடிப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆயிரக்கணக்கான கோப்புகளைச் சுற்றிவரும் லூப்பில் அதை விடுவிக்க மறந்தால், நினைவகக் கசிவு ஓசையின்றி வளரும். கசிவைக் கண்டறியும் வால்கிரைண்ட் போன்ற கருவியில் ஓட்டிப் பார்த்தால்தான் வெளிப்படும்.

இவற்றை மனத்தில் கொண்டு எழுதுபவருக்கு, இப்பட்டியல் கோப்போடு சேமிக்கப்படும் நீட்டிக்கப்பட்ட பண்புக்கூறுகளின் பைட்டுகளை நேரடியாகக் கையாளுவதைவிட இந்நூலகமே பாதுகாப்பானது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்திலும் ஓட வேண்டிய நிரலென்றால் ஓர் அனுமதி உள்ளதா என்று பார்க்கும் ஏசிஎல்_கெட்_பெர்ம் போன்ற லினக்ஸுக்கே உரிய சார்புகளைத் தனிக் கோப்பில் ஒதுக்கி வைப்பது நல்லது.