ஏழையர் விடுதியா, கனடாக் கப்பலா: 1847இல் ஓர் ஐரிஷ் குடும்பம்

அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிய பஞ்சத்தில், வேலை வாங்கிக்கொண்டு கூழ் ஊற்றிய ஏழையர் விடுதியில் உயிர் பிழைக்கலாம். ஆனால் கணவன், மனைவி, பிள்ளைகள் தனித்தனிக் கூடங்களுக்குப் பிரிக்கப்பட்டனர், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையே தாயுடன் இருக்கலாம். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தவர் அதை ஒப்படைத்தாலன்றி நிவாரணம் இல்லை என்று 1847ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததால், உள்ளே நுழைந்த பலருக்குத் திரும்ப வீடே இல்லாமற்போயிற்று.

கப்பலில் குடும்பம் சேர்ந்திருந்தது. டைபஸ் காய்ச்சலும் சேர்ந்தே வந்தது. கனடாவின் கியூபெக் அருகே, நோய்த் தடுப்புக்காகக் கப்பல் பயணிகளைத் தனிமைப்படுத்திய குரோஸ் தீவில் அவ்வாண்டில் மட்டும் 5,000க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டனர். ஆயினும், கரையேறியவருக்குக் கூலி வேலையாவது கிட்டும் என்பதால் கப்பலே மேல் என்பேன். கட்டணம்தான் தடை, அயர்லாந்தின் ஸ்ட்ரோக்ஸ்டவுன் பண்ணையிலோ, குத்தகைக் குடிகளை விடுதியில் வைத்துக் காப்பதைவிட அனுப்புவது மலிவு என்று கணக்கிட்டு, நிலக்கிழாரே ஏறத்தாழ 1,000 பேருக்குக் கட்டணம் செலுத்தினார்.