ஆறு வாரப் பயணமும் இணையத்தில் வாங்கிய பதினோரு துணிகளும்

தம்பி மகளின் திருமணத்திற்காக டொராண்டோவிலிருந்து திண்டுக்கல்லுக்கு வந்து ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். முந்தைய பயணங்களில் துணி எடுப்பதென்றால் மதுரைக்கு ஒரு நாள், சென்னையில் இரண்டு நாள் என்று கடை கடையாக ஏறி இறங்குவதுதான் வழக்கம். இம்முறை அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அவரை விட்டுவிட்டு ஒரு பகல் முழுவதும் வெளியே இருக்க மனம் வரவில்லை. ஆகவே எனக்கும் அம்மாவுக்கும் டொராண்டோவில் காத்திருக்கும் என் மகளுக்குமாக ஐந்து சுடிதார் செட்டுகள், நான்கு சேலைகள், இரண்டு நைட்டிகள் எனப் பதினோரு துணிகளையும் கட்டிலருகே அமர்ந்தபடி இணையத்திலேயே வாங்கினேன். எட்டை வைத்துக்கொண்டேன், மூன்றைத் திருப்பி அனுப்பினேன். வெளிநாட்டிலிருந்து வரும் பெண்கள் பலர் இணையத்தில் துணி வாங்கத் தயங்குவதை அறிவேன். அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதல் தடை தொலைபேசி எண்ணில்தான் வந்தது. கணக்குத் தொடங்க ஓ.டி.பி., பொருளைக் கையில் வாங்க ஓ.டி.பி., திருப்பிக் கொடுக்கும்போது மறுபடியும் ஓ.டி.பி. என்று எல்லாமே உள்ளூர் எண்ணை நம்பி இருக்கின்றன. என் கனடிய வங்கி அட்டையை இரண்டு தளங்கள் ஏற்கவில்லை. இந்திய வங்கியில் வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. அல்லது என்.ஆர்.இ. கணக்கு வைத்திருப்போர், கனடா உள்ளிட்ட சில நாடுகளின் தொலைபேசி எண்ணைக் கொண்டே யூ.பி.ஐ. பயன்படுத்த 2023 முதல் வழி இருக்கிறது. ஆனால் என் வங்கி அதைச் செய்துதர எடுத்துக்கொள்ளும் நாள்களைக் கேட்டதும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். கடைசியில் தம்பியின் கணக்கிலேயே எல்லாவற்றையும் வாங்கி அவனுக்குப் பணம் கொடுத்தேன். வசதியாகத்தான் இருந்தது. ஆனால் பிறர் பெயரில் வாங்கினால் பில்லும் புகாரும் அவர் பெயரில்தான் நடக்கும். பணமும் அவர் கணக்கிற்குத்தான் திரும்பும். இதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருப்பி அனுப்பிய மூன்றில் இரண்டு என் அளவுப் பிழையால் போனவை. கனடாவில் நான் அணிவது மீடியம். அதே நினைப்பில் இங்கும் இரண்டு குர்த்திகளை ‘எம்’ அளவில் வாங்கினேன். இரண்டும் கைக்குழியில் பிடித்துக்கொண்டு, கையைத் தூக்கவிடாமல் செய்தன. இங்கே பல நிறுவனங்களின் பட்டியலில் எம் என்றால் 38, எல் என்றால் 40, எக்ஸ்.எல் என்றால் 42 அங்குலம். ஆனால் அந்த 38 உடம்பின் அளவா, தைத்த துணியின் அளவா என்பதைச் சிலர் மட்டுமே தெளிவாக எழுதுகிறார்கள். துணியின் அளவு என்றால், 37 அங்குல மார்புச் சுற்றளவு உள்ள எனக்கு மிஞ்சுவது ஒரே ஒரு அங்குலம். இழுபடாத பருத்தித் துணியில் உட்கார்ந்து எழுந்து வேலை செய்ய அது போதாது. இரண்டு, மூன்று அங்குலமாவது தளர்வு வேண்டும்.

தம்பி மகள் சொல்லிக் கொடுத்த முறைதான் எனக்குக் கை கொடுத்தது. “ஒடம்ப அளக்காதீங்க அத்தை, உங்களுக்கு நல்லாப் பொருந்துற பழைய சுடிதார எடுத்துத் தரையில விரிங்க” என்றாள். விரித்து, சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டு, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்தால் இருபதரை அங்குலம் வந்தது, இரட்டித்தால் 41. தோளுக்குப் பதினான்கரை, கைக்குழிக்கு ஒன்பது, உயரத்திற்கு 44. இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள அளவுப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே வாங்கினேன். அதன்பின் வந்த மூன்று செட்டுகளில் ஒன்றைக்கூடத் தையற்காரரிடம் கொண்டுபோக நேரவில்லை. மகளுக்கு வாங்கும்போதும் அவளுடைய பழைய குர்த்தி ஒன்றை அங்கே அளந்து எண்களை மட்டும் அனுப்பச் சொன்னேன். பட்டியலே இல்லாமல் ‘ஃப்ரீ சைஸ்’ என்று மட்டும் போட்டிருந்த துணிகளை, எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடவில்லை.

துணி வகையை அறிவதற்குப் படத்தைவிடப் படத்திற்குக் கீழே உள்ள சிறிய எழுத்துகள் பயன்படுகின்றன. ‘காட்டன்’ என்று தலைப்பில் இருக்கும். கீழே ‘காட்டன் பிளெண்ட்’ என்று இருக்கும். ரேயான் தொட இதமாக இருக்கும், ஆனால் முதல் சலவையில் சுருங்கும் என்பதால் உயரத்தில் ஓர் அங்குலம் கூடுதலாகப் பார்த்து எடுக்க வேண்டும். வெள்ளையிலும் இளநிறங்களிலும் உள்ளே லைனிங் உண்டா என்று எழுதியிருக்கிறார்களா எனப் பார்ப்பது அவசியம். வாங்கியவர்களின் கருத்துகளில் ஐந்து நட்சத்திரங்களை நான் படிப்பதில்லை. இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள்தான் சாயம் போனதையும் தையல் பிரிந்ததையும் எழுதுகிறார்கள், வீட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் போடுகிறார்கள். இத்தகைய கருத்துகளைத் திரட்டி வெளியிடும் முறைக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. ஆனால் அது கட்டாயம் என்று வைக்கப்படவில்லை. ஆகவே எடை போடும் பொறுப்பு இன்னமும் நம்மிடம்தான் இருக்கிறது.

இனி, மூன்றாவதாகத் திருப்பி அனுப்பிய அந்தச் சேலை. மெரூன் உடல், பச்சைக் கரை, முந்தி நிறைய ஜரிகை. தலைப்பில் ‘ப்யூர் காஞ்சிபுரம் சில்க்’ என்று இருந்தது. 16,000 ரூபாய் என்று அடித்துவிட்டு 4,800 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். அசல் காஞ்சிபுரத்துப் பட்டு அந்த விலைக்கு வராது என்பது எனக்குத் தெரியாததல்ல. திருமண வீட்டுப் பரபரப்பில் படத்தை நம்பிவிட்டேன். பெட்டியைத் திறந்து மடிப்பைக் கையில் எடுத்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது. பட்டுக்கு உள்ள கனமும் இல்லை, கசக்கினால் எழும் அந்த மெல்லிய ஓசையும் இல்லை. கோர்வை போட்டு நெய்த சேலையில் உடலும் கரையும் தறியில் குறுக்கிழை ஓட்டும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு, சேருமிடத்தில் இழைகள் பிணைந்திருக்கும்; பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் அந்த இணைப்பு கண்ணுக்குத் தெரியும், விரலுக்கும் தட்டுப்படும். இதில் பின்பக்கம் முழுவதும் வெட்டிவிட்ட இழைத் துணுக்குகள்தான் இருந்தன.

அம்மா படுத்தபடியே, “ரெண்டு நூல உருவிக் கொளுத்திப் பாரு” என்றார். முந்தியின் ஓரத்தில் தொங்கிய தளர்ந்த இழைகளில் இரண்டை உருவி அகல் விளக்கின் சுடரில் காட்டினேன். எரியவில்லை, சுருண்டு, உருகி, கருப்பு மிளகைப் போன்ற ஒரு கெட்டித் துளியாகிவிட்டது, நெகிழி எரிந்த வாடை வீசியது. பிறகு அம்மாவின் பழைய அரக்குப் பட்டிலிருந்து ஓர் இழையை அதே சுடரில் காட்டியபோது, முடி தீய்ந்த வாடையோடு மெதுவாக எரிந்து, விரலால் தொட்டதும் பொடியாகும் சாம்பல் மிஞ்சியது. தம்பி மகள் இரண்டையும் ஒரே காணொளியாக எடுத்தாள். பெட்டியைப் பிரித்ததையும் அவள் முன்பே எடுத்திருந்தாள். எந்தப் பொட்டலத்தையும் கேமரா இல்லாமல் அவள் பிரிப்பதே இல்லை. உள்ளே இருந்த பில்லில் விற்பனையாளரின் ஜி.எஸ்.டி. எண் 24 என்று தொடங்கியது. அந்தப் பதினைந்து இலக்க எண்ணின் முதல் இரண்டும் மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, குஜராத்துக்கு 24. குஜராத்துக்காரர் அசல் காஞ்சிபுரத்துச் சேலையை விற்கவே முடியாது என்றில்லை, ஆனால் எனக்கிருந்த சந்தேகம் இன்னும் வலுத்தது.

திருப்பி அனுப்பும் கோரிக்கையைத் தளத்தில் பதிந்தோம். மறுநாளே நிராகரித்துவிட்டார்கள். ‘துணி விவரத்தில் ஆர்ட் சில்க் என்று குறிப்பிட்டுள்ளோம்’ என்பது விற்பனையாளரின் பதில். ஆர்ட் சில்க் என்றால் செயற்கைப் பட்டு. உண்மைதான், பக்கத்தின் அடியில், விரித்துப் பார்த்தால் மட்டும் தெரியும் இடத்தில் அப்படி இருந்தது. ஆனால் வாங்கிய அன்றே நான் தலைப்பைப் படமெடுத்து வைத்திருந்தேன். ‘ப்யூர்’ என்ற சொல் அதில் தெளிவாக இருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது. ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் தளத்தில் வெளியிட வேண்டும். அவர் 48 மணி நேரத்திற்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு சொல்ல வேண்டும். அந்த அலுவலருக்குத் தம்பியின் பெயரில், தலைப்பின் படம், பில், இரண்டு காணொளிகள் ஆகியவற்றுடன் கடிதம் எழுதினோம். உறுதி மறுநாளே வந்துவிட்டது. தீர்வுக்கு ஒரு மாதம் காத்திருக்க எனக்குப் பொழுதில்லை என்பதால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐயும் அழைத்துப் புகாரைப் பதிந்து, அதன் எண்ணை அதே கடிதத் தொடரில் சேர்த்தோம். தமிழிலேயே பேச முடிந்தது. கடிதம் எழுதிய ஒன்பதாம் நாள் கூரியர்காரர் வந்து சேலையை எடுத்துச் சென்றார். அதற்கடுத்த வாரம் 4,800 ரூபாயும் தம்பியின் கணக்கிற்கு வந்தது.

இந்த விதிகள் நான் ஊரை விட்டுப் போன காலத்தில் இருக்கவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையின் கீழே நின்று வாதாடிப் பழகிய எங்களுக்கு, வீட்டிலிருந்தபடியே கேட்டுப் பெற முடிகிறது என்பது பெரிய மாற்றம். அதை மனமாரச் சொல்ல விரும்புகிறேன். அதே வேளையில், ‘ப்யூர்’ என்று தலைப்பில் எழுதி, ‘ஆர்ட் சில்க்’ என்பதை அடியில் ஒளித்து வைப்பவரை அந்தத் தளம் முதலில் ஆதரித்தது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. காணொளி எடுக்கத் தெரியாத, கடிதம் எழுதித்தர ஆளில்லாத ஒரு பெண்ணின் சிறுவாட்டுப் பணம் அப்படியே போயிருக்கும்.

அதன்பின் பட்டு வாங்குவதென்றால் சில்க் மார்க் முத்திரை உள்ளதை மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டோம். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இல் வந்த இந்தச் சிட்டையில் ஹாலோகிராமும் தனி எண்ணும் இருக்கும். இழை சுத்தப் பட்டு என்பதற்கு மட்டுமே அது சாட்சி. ஜரிகை அசல் வெள்ளியா என்பதையோ கைத்தறியா என்பதையோ அது சொல்லாது. கைத்தறிக்குத் தனியே கைத்தறி முத்திரை 2006 முதல் இருக்கிறது. பக்கத்தில் முத்திரையின் படம் இல்லையென்றால் விற்பனையாளரிடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது என்றும் முடிவு செய்தோம்.

மற்ற சேலைகள் சிக்கல் தரவில்லை. அம்மாவுக்கென்று கோ-ஆப்டெக்ஸ் தளத்தில் பருத்திச் சேலைகள் இரண்டு எடுத்தேன். 1935-இல் தொடங்கிய கூட்டுறவு என்பதால் அம்மாவுக்கு அந்தப் பெயர்மீதே தனி நம்பிக்கை. மகளுக்கு ஒரு சுங்குடி, இன்னொரு விற்பனையாளரிடமிருந்து. சுங்குடி ஊரான சின்னாளப்பட்டி எங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில்தான் இருக்கிறது. போக முடியாத நிலையில் இணையத்தில் வாங்கியது மனதுக்குச் சற்று உறுத்தலாகவே இருந்தது. சேலை வாங்குவோர் நீளத்தைப் பார்த்துவிட வேண்டும்: ரவிக்கைத் துணி இல்லாமல் ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணியோடு 6.2 அல்லது 6.3 மீட்டர் இருந்தால்தான் கொசுவமும் முந்தியும் சரியாக அமையும். மொத்தம் ஐந்தரைதான், அதிலேயே ரவிக்கையையும் வெட்டிக்கொள்ள வேண்டும் என்றால் உயரமானவர்களுக்குப் பற்றாது.

ஒரே ஒரு முறை பணத்தையே இழக்கப் பார்த்தேன். இன்ஸ்டாகிராமில் வந்த விளம்பரம். மூன்று லினன் சேலைகள் 999 ரூபாய். முகவரி இல்லை, நிலையான தொலைபேசி இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை, கேஷ் ஆன் டெலிவரியும் இல்லை, முன்பணம் மட்டும். தம்பி மனைவி என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, “மதினி, இதே படம் நாலு பேரு பேர்ல ஓடுது பாருங்க” என்று காட்டினாள். அப்படிப் பணம் போய்விட்டால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும் என்றும், தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு குறையும் என்றும் அவள்தான் சொன்னாள்.

விடுமுறையில் வருகிறவர்கள் நாள்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான துணிகளுக்குத் திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாள்தான். எடுத்துச் செல்ல ஆள் வர இரண்டு, மூன்று நாள், பணம் வர ஒரு வாரம். விமானத்திற்கு மூன்று வாரம் முன்பே வாங்கி முடித்துவிடுவது என்று நான் வைத்த கணக்கு, அந்த மெரூன் சேலையின் விஷயத்தில் சரியாக உதவியது. பொருள் வந்த அன்றே போட்டுப் பார்க்க வேண்டும். சிட்டையைக் கிள்ளக்கூடாது, சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்துவிடக்கூடாது. திரும்ப எடுக்க வந்த கூரியர் தம்பி சிட்டை, பார்கோடு, மடிப்பு என ஒவ்வொன்றையும் தன் திரையில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பையில் போட்டார்.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, எனக்கு வேண்டிய இன்னொரு சுடிதாரைத் தம்பி மகள் தேடிக் கண்டுபிடித்தாள். இனி வாங்க நேரமில்லை என்றேன். அளவு எழுதிய தாளை என்னிடமிருந்து வாங்கி, தன் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டாள். அந்தச் சுடிதாரை வாங்கி, அடுத்த மாதம் டொராண்டோ வரும் உறவினர் ஒருவரிடம் கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.